வானத்திலிருந்து ஷூ விழும் நாடகத்தைத் தமிழில் போடலாமா?

1 | பின்வரிசை

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விழாவுக்கு எங்கள் சங்கத்தில் அரை மணி நேர நாடகம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக மாமியார் மருமகள் சண்டை, இல்லாவிட்டால் ஊரிலிருந்து வந்த அப்பா வேட்டியோடு பனியில் மாட்டிக்கொள்வது. சிரிப்பார்கள், சாப்பிடப் போவார்கள். இந்த முறை எனக்கு வேறு ஓர் ஆசை. காரணம் என் மகள்.

போன நவம்பரில் அவள் படிக்கும் பள்ளியில் 'ஆல்மோஸ்ட், மெய்ன்' என்ற நாடகம் போட்டார்கள். அவள் நடிக்கவில்லை. மேடைக்கு மேலே குறுக்குப் பாலத்தில் உட்கார்ந்து, சரியான வசனம் வந்ததும் ஒரு ஷூவைக் கீழே போட வேண்டும். அதுதான் அவள் வேலை. இரண்டு வாரம் எங்கள் வீட்டு மாடிப்படி உச்சியிலிருந்து என் பழைய ஷூவைப் போட்டுப் பழகினாள். கீழே நின்று வசனம் சொல்ல நான். இருபது தடவை சொன்ன பிறகுதான் அந்தக் காட்சி எதைப் பற்றியது என்று எனக்கே உறைத்தது.

எழுதியவர் ஜான் கரியானி என்ற நடிகர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடக்கே ப்ரெஸ்க் ஐல் என்ற ஊரில் வளர்ந்தவர். 2004இல் அந்த மாநிலத்தின் போர்ட்லண்டில் முதலில் மேடையேறியது. 2006 ஜனவரியில் நியூயார்க் வந்தது. ஒரே மாதத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. சில வருடங்களில், பள்ளிகளில் அதிகம் போடப்படும் நாடகங்களின் வரிசையில் ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீமை'யே தாண்டிவிட்டது.

ஆல்மோஸ்ட் என்பது ஊர்ப் பெயர். ஊரென்று பதிவு செய்ய யாரும் மெனக்கெடவில்லை, அதனால் 'கிட்டத்தட்ட' ஊர். பனிக்காலம், வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பது மணி, வானத்தில் துருவ ஒளி. அந்த ஒரே நேரத்தில் ஊரின் வெவ்வேறு மூலைகளில் இரண்டிரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் பேச்சுக்குச் சொல்வதெல்லாம் அங்கே நிஜமாகவே நடக்கும். ஒரு பெண் உடைந்த இதயத்தைக் காகிதப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். இன்னொருத்தி, 'உனக்குக் கொடுத்த காதலையெல்லாம் திருப்பிக் கொடு' என்று காதலன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவன் தனக்குக் கொடுத்ததையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறாள். நம்பிக்கை போனதில் ஒருவன் உயரமே குறைந்துவிட்டான்.

என் மகளின் ஷூ விழுவது, உறைந்த குளத்தில் சறுக்கிவிட்டுக் கரையில் உட்காரும் ஒரு கணவன் மனைவி காட்சியில். அவளுடைய ஷூவில் ஒன்றைக் காணோம். தேடத் தேடப் பேச்சு முற்றுகிறது. கல்யாண நாளை அவன் மறந்தது வெளியே வருகிறது. சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு, தொலைந்த ஷூ மேலேயிருந்து தொப்பென்று விழுகிறது. அரங்கம் முதலில் சிரித்தது. அப்புறம் கப்சிப்.

மொத்தம் 19 பாத்திரங்கள், நான்கு பேர் இருந்தாலே சமாளிக்கலாம். இதில் இரண்டு மூன்று காட்சிகளைத் தமிழாக்கிப் போட்டால் எடுபடுமா?

2 | அரைத்திரை

பார்த்திருக்கிறேன். சர்க்கரைப் பாகு. பாதிக்கு மேல் காட்சிகள் ஒரு முத்தத்தை நோக்கி நகர்கின்றன. பேச்சு வழக்கில் உள்ள ஒரு தொடரை எடுத்து அப்படியே மேடையில் வைப்பது நாடகம் இல்லை சார், விடுகதை. விடை தெரிந்ததும் தீர்ந்தது. அப்புறம், நம் சங்க மேடையில் அந்த முத்தத்தை என்ன செய்வீர்கள்? விளக்கை அணைப்பீர்களா, இல்லை இரண்டு பூவை ஆட்டிக் காட்டுவீர்களா?

3 | தேநீர் இடைவேளை

பூ யோசனை நன்றாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாதிரிக் குறும்புக்கு மெய்ன் வரை ஏன் போக வேண்டும்? கிரீஷ் கர்னாடின் 'நாகமண்டலா'வை எடுங்கள். 1988இல் கன்னடத்தில் வந்தது. தொடக்கமே அசத்தல். பார்வையாளர்களைத் தூங்க வைத்த பாவத்துக்கு ஒரு நாடக ஆசிரியன் சாபம் வாங்கியிருக்கிறான். இன்று இரவு முழுவதும் கண் விழித்திருக்காவிட்டால் சாவு. பாழடைந்த கோயிலில் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் அணைக்கப்பட்ட விளக்குகளின் சுடர்களெல்லாம் ராத்திரி அங்கே கூடி வம்பளக்கின்றன! ஒரு சுடர் சொல்கிறது: எங்கள் வீட்டுக் கிழவிக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும், யாருக்கும் சொல்லாமல் அடைத்தே வைத்திருந்தாள், இன்று அவள் வாய் திறந்து தூங்கும்போது இரண்டும் குதித்து ஓடிவிட்டன. கதை ஒரு பெண்ணாகி விட்டது, பாட்டு அவள் உடுத்திய சேலையாகி விட்டது.

அந்தக் கதைப்பெண் சொல்வதுதான் மீதி நாடகம். ராணி என்ற பெண்ணை அவள் கணவன் வீட்டுக்குள் பூட்டிவிட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போகிறான். மதியம் சாப்பிட மட்டும் வருவான். அவனை மயக்கச் சொல்லிக் கண் தெரியாத ஒரு கிழவி வேர் கொடுக்கிறாள். அரைத்துக் குழம்பில் போட்டால் குழம்பு ரத்தமாய்ச் சிவக்கிறது. பயந்து புற்றில் கொண்டுபோய் ஊற்றுகிறாள். புற்றுக்குள் இருந்த நாகம் மயங்கிவிடுகிறது, ராத்திரி கணவன் உருவத்தில் வருகிறது. பகலில் பேசாதவன், ராத்திரி கனிவாகப் பேசுகிறான். எது கணவன்?

இதற்கு அடிப்படை ஏ.கே. ராமானுஜன் கர்னாடுக்குச் சொன்ன இரண்டு வாய்மொழிக் கதைகள். ஆமாம், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே ராமானுஜன்தான். 1993இல் மினியாபொலிஸில் உள்ள கத்ரி தியேட்டர் இதை ஆங்கிலத்தில் போட்டது. அரைத்திரை சார், இதையும் விடுகதை என்பீர்களா?

4 | அரைத்திரை

இல்லை. இங்கே பாம்பு வெறும் சொல்விளையாட்டு இல்லை. ராணிக்கு இரண்டு வாழ்க்கை வந்துவிடுகிறது, அதற்கு அவள் விலை கொடுக்கிறாள். ஆனால் பொங்கல் விழாவில் அரை மணி நேரத்தில் அதைப் போட முடியாது. குழந்தைகள் முன்வரிசையில் கரும்பு தின்றுகொண்டிருப்பார்கள்.

5 | பின்வரிசை

'நாகமண்டலா' எனக்கும் பிடிக்கும். நேரம்தான் இடிக்கிறது.

அரைத்திரை, சர்க்கரைப் பாகு என்றீர்களே, அதை எழுதியவரே பயந்திருக்கிறார். நடிப்பவர்களுக்கு எழுதிய குறிப்பில், கொஞ்சிக் குழைந்து நடித்தால் நாடகம் செத்துவிடும் என்கிறார். இவர்கள் கடுங்குளிரில் உழைத்துப் பிழைக்கும் சாதாரண ஜனங்கள், உணர்ச்சியைக் காட்டத் தெரியாதவர்கள். அதனால்தான் சொல்ல முடியாததை ஒரு பொருளாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

காதல் மூட்டைக் காட்சியையே பாருங்கள். அவள் கொண்டுவந்து இறக்கியது மலைபோலக் கிடக்கிறது. 'நான் கொடுத்தது எங்கே?' என்கிறாள். அவன் உள்ளே போய்க் கையடக்கமான ஒரு பையை எடுத்து வருகிறான். இத்தனை வருடம் நான் கொடுத்தது இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆங்காரம். பிரித்தால் மோதிரம். அவள் கொடுத்ததையெல்லாம் வைக்க இடம் தேடி, அவன் அதை மோதிரமாக மாற்றி வைத்திருக்கிறான். எங்கள் பள்ளியில் அந்தப் பையன் எந்த முகபாவமும் இல்லாமல், பால் பாக்கெட் நீட்டுவது போல நீட்டினான். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆள் மூக்கைச் சிந்தினார்.

6 | டொரண்டோப் பனி

அண்ணா, அந்த ஷூ காட்சி தமிழில் வராது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் அதைச் சப்பாத்து என்போம், ஆனால் பிரச்சினை சொல்லில் இல்லை. ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மேல்வீட்டுக்காரன் ராத்திரி ஒரு சப்பாத்தைக் கழற்றித் தடாலென்று போடுகிறான். கீழே படுத்திருப்பவன் மற்றதும் விழட்டும், பிறகு தூங்கலாம் என்று காத்திருக்கிறான். வரப்போகிற கெட்ட செய்திக்குக் காத்திருப்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஆங்கிலக்காரருக்கு அது விழுந்ததும் பொறி தட்டும்.

தமிழ் மேடையில் மேலேயிருந்து செருப்பு விழுந்தால் என்ன நினைப்பார்கள்? நாடகம் பிடிக்காமல் யாரோ எறிந்துவிட்டார்கள் என்றுதான். இன்னொன்றும் வரும் என்று நடிகர்களே குனிந்துகொள்வார்கள்.

இன்னொரு விஷயம். அந்த நாடகத்துக்கு உரிமம் கொடுப்பது நியூயார்க்கில் உள்ள டிராமடிஸ்ட்ஸ் ப்ளே சர்வீஸ். கோயில் மண்டபத்தில் போட்டாலும் அனுமதி வேண்டும். மொழிபெயர்க்கத் தனியாகக் கேட்க வேண்டும். 'நம்ம சங்கம்தானே' என்று இறங்கிவிடாதீர்கள்.

7 | பின்வரிசை

செருப்படி என் மண்டையில் ஏறவே இல்லை! வாய்விட்டுச் சிரித்தேன். உரிம விஷயத்துக்கு நன்றி.

8 | ஒளியமைப்பு

முப்பது வருடம் அமெச்சூர் மேடைகளுக்கு விளக்குப் போட்டவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்த மாதிரி நாடகத்துக்குச் செட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 'ஃபென்டாஸ்டிக்ஸ்' என்று ஓர் இசை நாடகம், நியூயார்க்கில் 1960இல் ஆரம்பித்து 2002 வரை ஓடியது. 17,162 காட்சிகள். கதை இவ்வளவுதான்: அடுத்தடுத்த வீட்டு அப்பாக்கள் இரண்டு பேர், பிள்ளைகள் காதலிக்க வேண்டும் என்பதற்காகவே பொய்ச் சண்டை போட்டு நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். வேண்டாம் என்றால்தானே செய்வார்கள்! அந்தச் சுவர் என்ன தெரியுமா? பேசாத ஒரு நடிகர், கையில் ஒரு குச்சி. நீட்டினால் சுவர். நிலா, அட்டை நிலா. ஷேக்ஸ்பியரின் அந்தக் கனவு நாடகத்திலும் ஒருவன் வந்து 'நான்தான் சுவர்' என்று நின்று, விரலை விரித்து ஓட்டை காட்டுவான், காதலர்கள் அதன் வழியாகக் கொஞ்சுவார்கள்.

சங்க மேடையில் நான் பார்த்த பெரிய தப்பு, தெர்மோகோலில் தாஜ்மகால் கட்டுவது. பின்னால் தாஜ்மகால் நிற்கும்போது முன்னால் நிற்பவர்கள் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

9 | தமிழ் டீச்சர்

ஓய்வு பெற்றவள். பேரனைப் பார்க்க வந்து ஆறு மாதமாக இங்கே இருக்கிறேன், ஆகையால் நேரம் நிறைய.

பின்வரிசைத் தம்பி, நெஞ்சைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நமக்குப் புதுசா என்ன? குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 'கண்ணும் கொளச்சேறி நெஞ்சே இவையென்னைத் தின்னும் அவர்க்காணல் உற்று.' நெஞ்சே, நீ அவரிடம் போகிறாய் அல்லவா, போகும்போது இந்தக் கண்களையும் கூட்டிக்கொண்டு போ, அவரைப் பார்க்க வேண்டும் என்று என்னைப் பிய்த்துத் தின்கின்றன. வெளியூர் கிளம்புகிறவனிடம் 'இந்தப் பிள்ளைகளையும் அழைத்துப் போப்பா, தொல்லை தாங்கவில்லை' என்று சொல்வது போல இல்லை?

உங்களுக்குத் தேவையான காட்சியை வள்ளுவரே எழுதி வைத்திருக்கிறார். தும்மல். நம்மை யாரோ நினைத்தால் தும்மல் வரும் என்பது அன்றைய நம்பிக்கை. இன்றைக்குப் புரை ஏறினால் சொல்கிறோம். 1203ஆம் குறளில் அவளுக்குத் தும்மல் வருவது போல வந்து நின்றுவிடுகிறது. 'நினைப்பவர் போன்று நினையார்கொல்' என்கிறாள். நினைக்க ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டாரா?

1317இல் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள் அழுகிறாள்: யார் நினைத்து நீர் தும்மினீர்? சரி, வம்பே வேண்டாம் என்று அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகை: உம்மை நினைப்பவர்களை என்னிடம் மறைக்கிறீரா?

முத்தம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை. ஒரு மூக்கு போதும்.

10 | தேநீர் இடைவேளை

டீச்சர், காலில் விழுகிறேன். நிஜமாகவே.

11 | அரைத்திரை

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். டீச்சர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தும்மல் ஆங்கிலத்திலிருந்து பிடுங்கி நட்டது இல்லை. கேட்பவர் உடம்புக்கு ஏற்கெனவே தெரியும்.

மெய்ன் நாடகத்தில் எனக்குப் பிடித்த ஒரு காட்சி உண்டு, அதை அப்போதே சொல்லாமல் விட்டது என் தப்பு. ஒருத்தி பாங்கோர் ஊரிலிருந்து 163 மைல் டாக்சி பிடித்து வந்து ஒரு கதவைத் தட்டுகிறாள். பல வருடம் முன்பு ஒருவன் 'என்னைக் கட்டிக்கொள்வாயா' என்று கேட்டான், விடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று போனவள், இப்போதுதான் பதிலோடு வருகிறாள். கதவைத் திறந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குட்டையாக இருக்கிறான். அவனேதான், காத்திருந்து காத்திருந்து குறுகிவிட்டான். அவளுக்கு அது புரிகிற நேரத்தில் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வருகிறது. கதவு சாத்திக்கொண்ட பிறகு, சாத்திய கதவைப் பார்த்து அவள் அந்தப் பதிலைச் சொல்கிறாள்.

நான் பார்த்த அன்று அந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒரு விரற்கடை திறந்தே இருந்தது, பின்னால் நடிகரின் சட்டை தெரிந்தது. அவர் அசையவில்லை. அந்தப் பெண் கதவிடம்தான் பேசினாள். இன்றுவரை அந்த இடைவெளிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

12 | பின்வரிசை

சரி, முடிவுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பு வேண்டாம். அந்த நாடகம் ஆங்கிலப் பேச்சுக்குச் செய்ததை நாம் தமிழ்ப் பேச்சுக்குச் செய்வோம். இரண்டே காட்சி. முதலாவது, டீச்சரின் தும்மல். இரண்டாவதற்கு யோசனை சொல்லுங்கள். நான் யோசித்தது, மனசைப் பறிகொடுத்த பெண் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பது. 'அடையாளம் ஏதாவது உண்டாம்மா?'

13 | அரைத்திரை

பழைய நகைச்சுவைத் துணுக்கு வாசனை அடிக்கிறது.

14 | டொரண்டோப் பனி

என் வீட்டில் அம்மா அடிக்கடி சொல்வது: நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. ஒரு கணவனும் மனைவியும் சண்டை முடிந்து நிற்கிறார்கள். வீடு முழுக்கச் சொல் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு பேரும் கதைக்காமல் கூட்டி அள்ளுகிறார்கள். ஆளுக்கொரு முறம். இது யார் சொன்னது, அது யார் சொன்னது என்று பொறுக்கிப் பார்க்கிறார்கள். 'இது என்னுடையது இல்லை.' 'உங்களுடையதுதான், போன தீபாவளிக்குச் சொன்னது.'

15 | ஒளியமைப்பு

இது நாடகம். மேலேயிருந்து கொட்ட வேண்டும், விளக்கில் பளிச்சென்று தெரியும். ஆனால் நெல்லுக்கு இங்கே எங்கே போவீர்கள்? கடையில் அரிசிதான் கிடைக்கும்.

16 | தமிழ் டீச்சர்

பொங்கலன்று அரிசியை மேடையில் கொட்டி மிதிப்பதா? முதல் ஆளாக எழுந்து போய்விடுவேன்.

17 | தேநீர் இடைவேளை

பொரி? காலில் நொறுங்கும் சத்தம் வேறு கேட்கும்.

18 | தமிழ் டீச்சர்

பொரியும் அரிசிதான்.

19 | பின்வரிசை

வீட்டில் சோதனை செய்து பார்த்தோம். பார்சல் பெட்டிக்குள் பொருள் உடையாமல் இருக்கப் போட்டு அனுப்புகிறார்களே, வெள்ளைத் தக்கைத் துண்டுகள், அது ஒரு பெரிய பை நிறைய இருந்தது. மகள் மாடிப்படி உச்சிக்குப் போனாள். ஷூவில் கற்ற வித்தை, 'எந்த வசனத்தில் போடணும்?' என்றுதான் முதலில் கேட்டாள். நானும் மனைவியும் கீழே நின்றோம்.

விழும்போது பனி மாதிரி இருக்கிறது, சத்தமே இல்லை. ஆனால் குளிர்காலம் அல்லவா, துணியெல்லாம் மின்னேறிக் கிடக்கிறது. துண்டுகள் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொள்கின்றன. தட்டினால் கையில் ஒட்டுகிறது. கையை உதறினால் பக்கத்தில் நிற்பவர் மேல் போய் ஒட்டுகிறது. முறத்தில் அள்ளப் போனால் பறக்கிறது. ஒத்திகை என்று சொல்லித்தான் ஆரம்பித்தோம், கடைசியில் அரை மணி நேரம் ஒருவர் முதுகிலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டிருந்தோம். 'இது நீங்க சொன்னது' என்று அவள் ஒன்றை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

டொரண்டோப் பனி, வசனத்தை நீங்கள் எழுதி அனுப்புங்கள். அம்மாவிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. தும்மலுக்கு டீச்சரே ஒத்திகைக்கு வர வேண்டும். மூக்கு வைத்திருப்பவர் பெயரும் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் சங்கப் பொருளாளர்.

மனைவி இப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னல் முடிச்சில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. அவளுக்குத் தெரியாது.